லுகோலாவுக்குப் போகாத பெட்டிகள்

— எந்திரிங்க ஆர்டிஸ். நீங்க உக்காந்திருக்கிறது தான்சானியாவுக்குப் போற பெட்டி.

— போகல பாஸ்டர். அதனாலதான் உக்காந்திருக்கேன்.

— அது வந்து... முதுகு வலியா? நாற்காலி கொண்டுவரவா?

— முதுகு நல்லாத்தான் இருக்கு. மனசுதான் சரியில்ல. அதுக்கு நாற்காலி உதவாது.

— வெளியில டுவேய்ன் லாரியோட நிக்கிறாரு. மினியாபொலிஸ் கிடங்கை அஞ்சு மணிக்கு மூடிருவாங்க. நம்ம ஊர்லேர்ந்து ரெண்டரை மணி நேரம். இப்பவே ஒண்ணே கால். நூத்தித் தொண்ணூறு பெட்டி ஏத்தணும்.

— நூத்தித் தொண்ணூத்திரண்டு. ஒவ்வொண்ணுக்கும் டேப் ஒட்டினவ நான். இருபத்திரண்டு வருஷமா சர்ச்சோட இந்த பேஸ்மென்ட்ல ஒட்டிட்டிருக்கேன். ஒட்டினவளே சொல்றேன், எழுதிக்கோங்க. இந்த வருஷம் போகாது. அடுத்த வருஷமும் போகாது.

— கூட பெட்டி கட்டுற லிண்டாவோட ஏதாவது சண்டையா?

— லிண்டாவோட சண்டைன்னா போன்லயே முடிச்சிருவேன், பெட்டி மேல ஏறி உக்கார மாட்டேன். நேத்து உபெண்டோ வந்தா.

— காலேஜ்ல ஒரு வருஷம் படிக்க வந்திருக்கிற பொண்ணா? லுகோலா சபைப் பொண்ணு?

— அவதான். நாம பெட்டி அனுப்புற அதே லுகோலா. காபி குடுத்தேன். அப்புறம் கூட்டிட்டு வந்து பெட்டி எல்லாத்தையும் பெருமையாக் காட்டினேன். மெதுவா ஒரு சுத்து சுத்திப் பாத்தா. என்ன கேட்டா தெரியுமா? "யாரும்மா செத்துப்போனாங்க?"

— ஐயோ.

— அவங்க ஊர்ல இவ்வளவு நல்ல துணியை மொத்தமா வெளியில எடுத்து வச்சா, வீட்டுல சாவுன்னு அர்த்தமாம். யாரும் சாகல கண்ணு, கடையில தள்ளுபடி போட்டிருந்தான்னு சொன்னேன்.

— சிரிச்சாளா?

— மரியாதைக்குச் சிரிச்சா. அப்புறம் டாலஃப்சன் குடும்பச் சந்திப்புன்னு அச்சடிச்ச அந்த மஞ்சச் சட்டையில, போன வருஷம் அனுப்பினது போக இருக்கிற கட்டைப் பாத்தா. "அட, இந்தக் கம்பெனியா! எங்க ஊர்ல பைக் டாக்ஸி ஓட்டுறவங்க பாதிப் பேர் இதைத்தான் போட்டிருக்காங்க. பெரிய பெட்ரோல் கம்பெனின்னு நெனச்சோம்"ங்கறா.

— உங்க அண்ணன் கேட்டா சந்தோஷப்படுவாரு.

— எங்க அண்ணன் அறுபது பேர் வர்ற சந்திப்புக்கு முந்நூறு சட்டை அடிச்சான் பாஸ்டர். மொத்தமா வாங்கினா மலிவுன்னு. சாப்பிட்டு முடிச்சு மீந்த இருநூத்தி நாப்பதுதான் நம்ம ஊழியம்.

— சரி, ஒரு விதத்துல அது வேடிக்கைதான். அதுக்காக ஏன் நிறுத்தணும்?

— அவ அம்மா தையல்காரி.

— யாரோட அம்மா?

— உபெண்டோவோட அம்மா. லுகோலா சந்தையில கடை. நாலு மெஷின் போட்டு, நாலு பொம்பளைங்க உக்காந்து தைச்சிட்டிருந்தாங்களாம். ஜனவரியில நம்ம பெட்டி போய் இறங்கினா ஈஸ்டர் வரைக்கும் ஒரு சட்டைக்கு அளவெடுக்க ஆள் வராதாம். அவங்களைக் குத்தம் சொல்ல முடியுமா? சும்மா கிடைக்குது, ஏன் தைக்கணும்? மூணு மெஷினை வித்தாச்சு. நாலாவது மெஷின் இன்னும் இருக்கு. இந்த லாரி கிளம்பினா அதுவும் இருக்காது. அவ்வளவுதான் விஷயம். அதனால இந்த லாரி கிளம்பாது.

— அவ அழுதாளா? கோவப்பட்டாளா?

— ரெண்டும் இல்ல. காபிக்குச் சர்க்கரை கேட்டா. சர்க்கரையைக் கலக்கிக்கிட்டே சொன்னா, நம்ம ஊர்ல மழை வருதுன்னு சொல்ற மாதிரி. "உங்க பெட்டி வர்ற மாசம்"னு அவங்க வீட்டுல ஒரு மாசமே இருக்காம். அந்த மாசம் இறைச்சி கிடையாது.

— நான் என்ன சொல்ல வரேன்னா... ஒரு பொண்ணு சொன்னதை வச்சு முடிவெடுக்கலாமா? வேணாம்னா அந்தச் சபையே எழுதியிருக்கணும் இல்லையா?

— எழுதினாங்க.

— எப்போ?

— ஆறு வருஷம் ஆச்சு. நீங்க வர்றதுக்கு முன்னாடி. பழைய பாஸ்டர் இதே இடத்துல நின்னு வாசிச்சாரு. உங்க அன்புக்கு நன்றி, துணி இனி வேண்டாம்னு போட்டிருந்தது.

— தெளிவாத்தானே இருக்கு!

— தெளிவா இருந்துதுன்னு எங்களுக்குத் தெரியல. எல்லாரும் கண்ணைத் தொடைச்சுக்கிட்டோம். "எவ்வளவு தாழ்மை பாரு"ன்னா லிண்டா. அது வரைக்கும் எண்பது பெட்டி. அந்த வருஷம் நூத்திருபது அனுப்பினோம்.

— வேணாம்னு எழுதினவங்களுக்கா? ஏன்?

— நீங்க டெக்சாஸ்காரர். உங்களுக்குப் புரியாது. இருங்க, டுவேய்னே வர்றான். டுவேய்ன், உள்ள வா. காபி?

— வேணாம் ஆர்டிஸ். பெட்டி ஏத்தணுமா?

— ஒரு வாய் குடியேன்.

— ஐயோ, எனக்காகச் சிரமப்படாத. வேணாம்.

— கொதிச்சுக்கிட்டுத்தான் இருக்கு.

— சரி. அப்ப ஒரு கப். அந்த லெமன் பார் கேக்கும் ஒண்ணு வை.

— பாத்தீங்களா பாஸ்டர்? இந்த ஊர்ல முதல் தடவை வேணாம்னா, நான் நல்லவன்னு அர்த்தம். ரெண்டாவது தடவை வேணாம்னா, நீயும் நல்லவன்னு அர்த்தம். மூணாவது தடவைதான் பசிக்குதா இல்லையான்னே தெரியும். மினசோட்டாவுல பிறந்த குழந்தைக்கு இது பேச்சு வர்றதுக்கு முன்னாடி வந்திரும்.

— நான் வந்த புதுசுல முதல் தடவையே வாங்கித் தின்னேனே!

— தெரியும். புது பாஸ்டருக்கு வீட்டுல அடுப்பு எரியறதில்ல போலன்னு ஊரே பாத்திரம் பாத்திரமா ஹாட்டிஷ் சாப்பாடு செஞ்சு கொண்டுவந்துச்சே, எதுக்குன்னு நெனச்சீங்க?

— அன்புன்னு நெனச்சேன்.

— அன்புதான். கூடவே பரிதாபம். இப்ப விஷயத்துக்கு வாங்க. லுகோலாக்காரங்க வேணாம்னு எழுதினதும் நாங்க என்ன நெனச்சோம்? "நம்மள மாதிரியே நல்ல லுத்தரன் ஜனங்க"ன்னு நெனச்சோம். மறுபடி அனுப்பினோம். ரெண்டாவது லெட்டர் வந்தது. நிஜமாவே வேண்டாம், பள்ளிக்கூடப் பிள்ளைங்க யூனிஃபார்மை எங்க தையல்காரங்களே தைக்கட்டும், முடிஞ்சா அதுக்கு உதவுங்கன்னு.

— அதுக்கு என்ன செஞ்சீங்க?

— நூத்தி அறுபது பெட்டி அனுப்பினோம். தையல்னு எழுதியிருந்தாங்களேன்னு ஒவ்வொரு பெட்டியிலயும் ஊசியும் நூல்கண்டும் போட்டோம்.

— ஆர்டிஸ், நான் குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும். வானம் கறுத்திட்டு வருது. எனக்கு இன்னும் நாப்பது ஏக்கர் சோயா அறுக்காம நிக்குது. ஏத்தணுமா, வேணாமா?

— வேணாம் டுவேய்ன்.

— ஏத்தணும் டுவேய்ன்.

— ம். அப்ப நான் லெமன் பாரை முடிச்சிடறேன்.

— ஆர்டிஸ், நான் வந்த நாலு வருஷமா சபைத் தபாலை நீங்கதான் பிரிச்சுக் குடுக்கிறீங்க. தினம் காலையில என் மேஜைகிட்ட நிக்கிறீங்க. இந்த ரெண்டு லெட்டரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே?

— நீங்க கேக்கல, நான் சொல்லல. இந்த ஊர்ல அப்படித்தான் எல்லாரும் சமாதானமா இருக்கோம்.

— இப்ப மட்டும் ஏன்?

— நேத்து வரைக்கும் அது காகிதம். நேத்து அது என் எதிர்ல உக்காந்து சர்க்கரை கேட்டுது.

— சரி. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நல்ல மனசோட குடுத்த ஜனங்களை நாம...

— நல்ல மனசு? இந்தா, இந்தப் பெட்டியைத் திறக்கிறேன். பாருங்க. இது என்ன?

— பூட்ஸ்.

— என்ன பூட்ஸ் டுவேய்ன்?

— ஏரி உறைஞ்சப்புறம் அது மேல உக்காந்து மீன் பிடிக்கிற பூட்ஸ். நல்ல பூட்ஸ். மைனஸ் நாப்பது தாங்கும்.

— உபெண்டோ இதைத் தூக்கிப் பாத்துட்டு, "எந்த ஏரி?"ன்னு கேட்டா. இது பாருங்க, ரொட்டி சுடுற மெஷின். லிண்டாவோடது. ஒரு தடவை சுட்டா. புதுசு வாங்கிட்டா, அதுல இன்னும் சுடல. இது குளிர்காலக் கோட்டு, விலைச் சீட்டு இன்னும் தொங்குது. போன மாசம் நீங்க என்ன பிரசங்கம் பண்ணீங்க? ரெண்டு அங்கி வச்சிருக்கிறவன் ஒண்ணைக் குடுக்கணும்னு.

— ஆமா. குடுத்திருக்காங்களே!

— ரெண்டு வச்சிருந்து ஒண்ணைக் குடுக்கிறவனுக்கு அன்னிக்கு ராத்திரி கொஞ்சம் குளிரணும் பாஸ்டர். இந்தக் கோட்டைக் குடுத்தவளுக்குக் குளிருச்சுன்னு நெனைக்கிறீங்களா? அலமாரியில அடுத்த கோட்டுக்கு இடம் கிடைச்சுது. நாம வீட்டை ஒழிக்கிறோம், அதுக்கு ஆண்டவர் பேரை வச்சிருக்கோம்.

— அது ரொம்பக் கடுமையான பேச்சு.

— பத்து வருஷத்துல இந்த ஊர்ல புதுசாக் கட்டின ஒரே கட்டடம் எது? நீ சொல்லு டுவேய்ன்.

— சாமான் போட்டு வைக்கிற வாடகைக் கொட்டகை. நாப்பத்தெட்டு அறை. எல்லாம் நிறைஞ்சுபோச்சு. நானும் பேர் எழுதிக் குடுத்திருக்கேன், இன்னும் கூப்பிடல.

— பள்ளிக்கூடத்தை மூடிட்டோம். பழைய சோபாவுக்கு நாப்பத்தெட்டு அறை கட்டியிருக்கோம். அதுலயும் இடம் இல்லாததுதான் லுகோலாவுக்குப் போகுது. உபெண்டோ ஊர்ல நாம யாரு தெரியுமா பாஸ்டர்? நாப்பத்தொன்பதாவது அறைக்கு வாடகை குடுக்காதவங்க.

— சரி, ஒத்துக்கறேன். ஆனா இதை நிறுத்திட்டு என்ன செய்யப்போறீங்க? இந்த நூத்தித் தொண்ணூத்திரண்டு பெட்டியை எரிக்கவா முடியும்?

— அது யோசிச்சாச்சு. ஒவ்வொரு பெட்டி மேலயும் குடுத்தவங்க பேர் இருக்கு, நன்றி அட்டை அனுப்பறதுக்காக எழுதி வைக்கிறோமே. ஞாயித்துக்கிழமை காலையில எல்லாத்தையும் மேல கொண்டுபோய் பெஞ்சுகளுக்கு நடுவுல அடுக்குவோம். காணிக்கை நேரத்துல அவங்கவங்க வந்து அவங்கவங்க பெட்டியை எடுத்துட்டுப் போகட்டும்.

— காணிக்கை நேரத்துலயா! ஆர்டிஸ், அப்ப எல்லாரும் குடுக்கணும்!

— முதல்ல திருப்பி வாங்கட்டும். வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய்க் கூடத்துல வச்சு, ஒரு வாரம் அது மேல தடுக்கி விழட்டும். அடுத்த ஞாயிறு யூனிஃபார்மைப் பத்திப் பேசுவோம்.

— அந்த ரொட்டி மெஷினை லிண்டாகிட்ட யார் திருப்பிக் குடுக்கறது?

— நான்.

— சபையே உடைஞ்சிரும்.

— ஒரு ரொட்டி மெஷின்ல உடையற சபைன்னா உடையட்டும்.

— ஆர்டிஸ், ஒரு விஷயம் கேக்கலாமா?

— கேளு டுவேய்ன்.

— அப்ப என் பச்சை ஜாக்கெட்டும் திரும்ப வருமா?

— நீ குடுத்ததுதானே?

— நான் எங்க குடுத்தேன்? என் பொண்டாட்டி குடுத்தா. நான் களத்துல இருந்தப்போ. பாக்கெட்ல என் பேனாக்கத்தி இருந்துது. ஒரு வருஷமா தேடறேன். இந்த வருஷப் பெட்டியா, போன வருஷப் பெட்டியான்னு தெரியல.

— போன வருஷம்னா லுகோலாவுல ஒருத்தன் போட்டிருப்பான்.

— ம். கத்தி நல்ல கத்தி. அவனுக்கு உபயோகப்பட்டா சரி.

— டுவேய்ன், தயவுசெஞ்சு. ஆர்டிஸ், நான் வெளிப்படையாப் பேசறேன். இங்க ஞாயித்துக்கிழமையைவிட வியாழக்கிழமைக்குத்தான் கூட்டம் வருது. பதினாலு பொம்பளைங்க. காபி போடறீங்க, மடிக்கிறீங்க, டேப் ஒட்டறீங்க, பேசறீங்க. பாதிப் பேர் தனியா இருக்கிறவங்க. ஜெபக்கூட்டம்னு கூப்பிட்டா நாலு பேர் வருவாங்க. பெட்டின்னு கூப்பிட்டா பனி கொட்டினாலும் வர்றாங்க. அந்த வியாழக்கிழமையை அவங்ககிட்டேர்ந்து பிடுங்கப்போறீங்களா?

— ஆமா.

— இவ்வளவு சுலபமா ஆமாங்கறீங்க?

— சுலபம்னு யார் சொன்னது?

— நான் இந்த ஊருக்கு வந்து நடத்துன முதல் அடக்க ஆராதனை உங்க வீட்டுக்காரர் ஹார்லனுக்குத்தான். அதுக்கப்புறம் நீங்க ஒரு மாசம் பேசவே இல்ல. வீட்டு ஜன்னலைக்கூடத் திறக்கல. உங்களை எழுப்பி நடக்க வச்சது ஜெபமா? என் பிரசங்கமா? இந்தப் பெட்டிங்கதான் ஆர்டிஸ். வியாழக்கிழமை போகணுமேன்னு தலை சீவினீங்க. நீங்களே சொன்னீங்க.

— சொன்னேன். நிஜம்தான். இந்த பேஸ்மென்ட் இல்லைன்னா நானும் ஹார்லன் பின்னாடியே போயிருப்பேன்.

— அப்ப?

— அப்ப என்ன? நான் இங்க உக்காந்து ஒரு பெட்டி ஒட்டி, ஒரு வாரம் உயிரோட இருந்தேன். அதுக்கு அங்க ஒருத்தி ஒரு மெஷினை வித்தா. எனக்குத் துணை வேணும்னா நான் நாய் வளர்த்திருக்கணும். லிண்டா வீட்டுக்குப் போய்ச் சீட்டு விளையாடியிருக்கணும். அந்தம்மா சோத்துல கைவச்சிருக்கக் கூடாது.

— இப்படி உங்களையே அடிச்சுக்காதீங்க.

— யாரையும் அடிக்கல. எந்திரிக்க மாட்டேங்கறேன், அவ்வளவுதான். பதினாலு பேரும் வியாழக்கிழமை வரட்டும். காபி இருக்கும். கையில வேலை இல்லாம ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்து உக்காரட்டும். என்ன ஆகுதுன்னு பாப்போம்.

— மினசோட்டாக்காரங்க கையில வேலை இல்லாம மூஞ்சி பாத்தா செத்துருவாங்க பாஸ்டர்.

— டுவேய்ன்!

— சும்மா சொன்னேன்.

— சரி ஆர்டிஸ், நான் முடிவாச் சொல்லிடறேன். உங்க ஊர் வழக்கத்தை வச்சே சொல்றேன். ஒரு தடவை வேணாம்னா மரியாதை. ரெண்டாவது தடவை வேணாம்னா, அதுவும் மரியாதை. மூணாவதுதான் உண்மை. நீங்கதானே சொன்னீங்க?

— நான்தான் சொன்னேன்.

— லுகோலாவோட லெட்டரை இந்தச் சபைக்கு எத்தனை தடவை வாசிச்சாங்க?

— ரெண்டு தடவை.

— அப்ப நாம தெரிஞ்சு யாருக்கும் கெடுதல் செய்யல. தப்பாப் புரிஞ்சுகிட்டோம். அறியாம செஞ்சதை ஆண்டவர் மன்னிக்கிறாரு, நாமளும் நம்மளை மன்னிச்சுக்கலாம். கிடங்குல இடம் எடுத்தாச்சு, லாரி வந்தாச்சு. இந்த ஒரு தடவை போகட்டும். இன்னிக்கே நான் லுகோலா பாஸ்டருக்குப் போன் பண்றேன். மூணாவது தடவையா நானே கேக்கறேன். வேணாம்னா அதோட சரி, அடுத்த வருஷம் ஒரு பெட்டிகூட போகாது. இது நியாயம்தானே டுவேய்ன்?

— நியாயமாத்தான் படுது. நானும் மூணாவது தடவைதான் காபி வாங்கினேன்.

— அந்த நாலாவது மெஷின் பாஸ்டர்?

— அதுக்கு நான் தனியா ஏதாவது உதவி செய்யறேன். ஆனா ஞாயித்துக்கிழமை இந்த ஜனங்களை நிக்க வச்சு அவமானப்படுத்த விட மாட்டேன். அவங்க மேல குத்தம் இல்ல. டுவேய்ன், கடைசி வரிசையிலேர்ந்து ஆரம்பிங்க. ஆர்டிஸ் உக்காந்திருக்கிற பெட்டி மட்டும் இருக்கட்டும், மத்தது நூத்தித் தொண்ணூத்தியொண்ணும் ஏறட்டும்.

— டுவேய்ன், கையை எடு.

— ஆர்டிஸ், போதும்! அவங்க மேல குத்தம் சொல்ல உங்களால முடியாது. மூணாவதா ஒரு லெட்டர் வந்திருந்தா அன்னிக்கே நிறுத்தியிருப்போம். நான் நிறுத்தியிருப்பேன். லிண்டாகூட நிறுத்தியிருப்பா. இல்லைன்னு சொல்லுங்க பாக்கலாம்.

— நிறுத்தியிருப்பீங்க பாஸ்டர். அது தெரிஞ்சுதான், ஹார்லனைப் புதைச்ச வாரம் வந்த மூணாவது லெட்டரை நான் யார்கிட்டயும் காட்டல.